பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர் கெமிக்கல் பிளாண்ட் ஆபரேட்டர் ஆக என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இது: தம்பி பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு மணலி, கடலூர், ராணிப்பேட்டைப் பக்கம் உள்ள கம்பெனிகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். சில இடங்களில் "ஐ.டி.ஐ. ஆபரேட்டர்தான் வேண்டும்" என்கிறார்கள், சில இடங்களில் லேபுக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். புரொடக்‌ஷனுக்குப் போக இன்னொரு கோர்ஸ் படிக்க வேண்டுமா, வேலை கிடைத்தால் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

கோர்ஸ் பற்றிய பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஐ.டி.ஐ.யில் இந்த வேலைக்கென்றே உள்ள டிரேடு 'அட்டெண்டன்ட் ஆபரேட்டர், கெமிக்கல் பிளாண்ட்'. எல்லோரும் ஏ.ஓ.சி.பி. என்பார்கள். பத்தாம் வகுப்பில் அறிவியலும் கணக்கும் தேறியிருந்தால் சேரலாம், இரண்டு வருடம். கெமிக்கல் பிளாண்டுக்கான இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக், மெயின்டனன்ஸ் மெக்கானிக், லேப் அசிஸ்டென்ட் டிரேடுகளும் இதே வரிசையில் வருபவை. பாலிடெக்னிக்கில் கெமிக்கல் இன்ஜினியரிங் டிப்ளமோ இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் அதில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

தம்பி பட்டம் வாங்கிவிட்டதால் இவற்றுக்குத் திரும்பிப் போக வேண்டாம். அவருக்குச் சரியான வாசல் அப்ரென்டிஸ்ஷிப். இந்தியன் ஆயில் மாதிரியான பொதுத்துறை நிறுவனங்கள் ஏ.ஓ.சி.பி. டிரேடு அப்ரென்டிஸ் இடங்களுக்குக் கேட்பதே இயற்பியல், கணிதம், வேதியியல் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளைத்தான். பயிற்சி ஒரு வருடம். மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள்: கணிதமும் இயற்பியலும் துணைப்பாடமாக இருந்தால் நல்லது. ஒன்றுக்குப் பதில் தாவரவியலோ விலங்கியலோ எடுத்திருந்தால் அறிவிப்பில் உள்ள தகுதி நிபந்தனையை வரிக்கு வரி படித்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தனியார் கம்பெனியில் 'அப்ரென்டிஸ்' என்று எடுத்தால், ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா என்று முதல் மாதமே கேட்க வேண்டும். பதிவாகாத பயிற்சிக்கு வருடக் கடைசியில் சான்றிதழ் கிடைக்காது. கம்பெனி தரும் அனுபவக் கடிதம் அதற்கு ஈடாகாது.

இனி கற்றுக்கொள்வது பற்றி. கல்லூரி லேபிலிருந்து பிளாண்டுக்கு வருகிறவர்களுக்கு வேதியியல் தெரியும், அளவு மாறினால் என்ன ஆகும் என்பது தெரியாது. 250 மில்லி குடுவையில் செய்த அதே வினையை 5,000 லிட்டர் ரியாக்டரில் செய்யும்போது கொள்ளளவு 20,000 மடங்கு ஆகிறது. ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சுவர்ப் பரப்போ ஏறத்தாழ 27-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வெப்பம் வெளியேறுவது அந்தச் சுவர் வழியாகத்தான். குடுவையை ஐஸ் தண்ணீரில் வைத்தால் அடங்கிவிடும் வினை, ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் சில்ட் வாட்டர் (குளிரூட்டிய தண்ணீர்) முழுதாக ஓடினாலும் அடங்காமல் போகலாம்.

ஆகவே முதலில் கற்க வேண்டிய கணக்கு இது. வெளியாகும் வெப்பத்தை, உள்ளே இருக்கும் மொத்த எடையாலும் அதன் வெப்ப ஏற்புத் திறனாலும் வகுத்தால், கூலிங் இல்லாமல் போனால் எத்தனை டிகிரி ஏறும் என்று கிடைக்கும். ரியாக்டரில் 2,000 கிலோ இருக்கிறது, கிலோவுக்கு டிகிரிக்கு 2 கிலோஜூல், முழு வினையில் வெளியாவது 400 மெகாஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரி ஏறும். 40 டிகிரியில் நடக்க வேண்டிய பேட்ச் 140-க்குப் போகப் பார்க்கும். சால்வென்ட் (கரைப்பான்) டொலுயீன் என்றால் அது 111 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒவ்வொரு புராடக்டுக்கும் இந்த எண்ணை டெக்னிக்கல் டிபார்ட்மென்டில் கேட்டுத் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கும் ஆபரேட்டரை நம்பி ஷிப்டை விடலாம்.

இந்தக் கணக்கு எங்கே உதவும்? வெப்பம் தரும் வினைகளில் ஒரு பொருளை முழுதாகப் போட்டுவிட்டு, இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். நைட்ரேஷன், கிரின்யார் எல்லாம் இப்படித்தான். எஸ்.ஓ.பி.யில் (வேலைச் செய்முறைத் தாளில்) '40 முதல் 45 டிகிரிக்குள், நான்கு மணி நேரத்தில் சேர்க்கவும்' என்று இருக்கும். புதிதாக வந்தவர் 45-ஐத் தாண்டக் கூடாது என்பதை நன்றாக மனதில் வைத்துக்கொள்வார். 40-க்குக் கீழே போனால்? 'குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது, பத்திரம்தான்' என்று நினைத்து, நேரத்தைப் பிடிக்க வேகமாகச் சேர்ப்பார். ஆபத்து அங்கேதான். சேர்க்கச் சேர்க்க வெப்பம் ஏறவில்லை என்றால் வினை நடக்கவில்லை, சேர்த்தது எல்லாம் உள்ளே வினைபுரியாமல் சேர்ந்துகொண்டிருக்கிறது. பாதி சேர்ந்த பிறகு வினை ஒரேயடியாகப் பிடித்தால் மேலே சொன்ன கணக்கில் 50 டிகிரி சில நிமிடங்களில் ஏறும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், கூலிங் அந்த விகிதத்தில் கூடாது. எனவே வெப்பம் எதிர்பார்த்தபடி ஏறாவிட்டால் சேர்ப்பதை நிறுத்திவிட்டு ஷிப்ட் இன்சார்ஜைக் கூப்பிட வேண்டும். 'கொஞ்சம் ஸ்டீம் கொடுத்துப் பார்க்கலாம்' என்ற யோசனைக்கு இடமே இல்லை.

ரியாக்டரைக் கலக்கும் அஜிடேட்டர் நின்றுபோவதும் இதே கதைதான். பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் டோசிங் நடக்கும்போது மோட்டார் டிரிப் ஆகிவிடுகிறது, யாரும் கவனிக்கவில்லை. அடர்த்தி கூடிய பொருள் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தவர் பதறிப்போய் அஜிடேட்டரைத் திரும்ப ஓட்டினால், அடுக்குகள் ஒரே நொடியில் கலந்து மொத்த வெப்பமும் ஒன்றாக வெளியாகும். சரியான வரிசை: டோசிங் வால்வை மூடு, கூலிங்கை முழுதாகத் திற, எவ்வளவு நேரம் நின்றிருந்தது, அந்த நேரத்தில் எத்தனை கிலோ உள்ளே போனது என்று குறித்துக்கொள், மேலே சொல். மறுபடி ஓட்டலாமா என்பதை அந்தக் கிலோ கணக்கை வைத்து வேறொருவர் முடிவு செய்வார். பயிற்சியில் இந்த வரிசையைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். ரியாக்டர் முன்னால் நிற்க வைத்து, 'இப்போது அஜிடேட்டர் நின்றுவிட்டது, கையை எங்கே வைப்பாய்?' என்று கேட்டால்தான் தெரிந்திருக்கிறதா என்பது வெளிப்படும்.

அடுத்தது கருவிகளைப் படிப்பது. கேஜில் உள்ள எண்ணைப் படிக்க அரை நாளில் பழகிவிடலாம். அந்தக் கருவி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது, எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று தெரிந்துகொள்ள மாதங்கள் ஆகும், சொல்லித்தருகிறவர்களும் குறைவு. லெவல் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான டாங்குகளில் இருப்பது அழுத்த வித்தியாசத்தை அளந்து அதை உயரமாக மாற்றிக் காட்டும் வகை. தண்ணீரின் அடர்த்தியை வைத்து அளவு திருத்தியிருந்தால், டொலுயீனுக்கு அது குறைத்துத்தான் காட்டும், ஏனென்றால் டொலுயீனின் அடர்த்தி 0.87. திரை 90 சதவீதம் என்று காட்டும்போது உண்மை மட்டம் 103-ஐத் தாண்டியிருக்கும், அதாவது டாங்க் ஏற்கனவே வழிந்துகொண்டிருக்கும். ஒரே டாங்கில் இந்த மாதம் ஒரு சால்வென்ட், அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றும் கம்பெனிகளில் இது வெறும் கற்பனை இல்லை.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிவிபத்துக்கு இதுவும் ஒரு காரணம். பராமரிப்புக்குப் பின் ஒரு கோபுரத்தை ஓட்டத் தொடங்கினார்கள். அதன் லெவல் டிரான்ஸ்மிட்டர் அடியில் ஏறத்தாழ 9 அடிக்குள்தான் அளக்கக்கூடியது, அளவு திருத்தியதும் வேறு அடர்த்திக்கு. கோபுரத்தில் திரவம் 158 அடி வரை ஏறியது. திரையிலோ மட்டம் 100 சதவீதத்துக்குக் கீழே, மெல்ல இறங்குவது போலவே காட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்ற கழித்தல் கணக்கு ஒன்றைப் போட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். வெளியே வரும் வால்வு மணிக்கணக்கில் மூடியே இருந்தது. 15 பேர் இறந்தார்கள். விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் பயிற்சிக்கு வந்து நின்றது: அந்த ஆலையின் பயிற்சிப் பிரிவில் 28 பேர் இருந்த இடத்தில் 8 பேராகக் குறைத்திருந்தார்கள், அசாதாரண நிலைமைகளைப் பழக சிமுலேட்டர் இல்லை. பயிற்சிச் செலவைக் குறைக்கச் சொல்கிறவர்களுக்கு முன்னால் வைக்க வேண்டிய அறிக்கை அது.

நம் பக்கத்திலேயே இன்னொன்று. 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் உயிரிழந்தார்கள். ஊரடங்கில் வாரக்கணக்காக அசையாமல் கிடந்த டாங்க் அது. ஸ்டைரீன் தானாகவே பாலிமராக மாறும், மாறும்போது வெப்பம் தரும். அதைத் தடுக்க டி.பி.சி. என்னும் தடுப்பானை வழக்கமாக 10 முதல் 15 பிபிஎம் அளவில் சேர்த்து வைப்பார்கள். அந்தத் தடுப்பான் வேலை செய்யக் கொஞ்சம் கரைந்த ஆக்சிஜனும் வேண்டும், நாளாக ஆக அது செலவழிந்தும் போகும். வெப்பமானி டாங்கின் அடியில் இருந்தது. நடுவிலும் மேலும் அளக்க ஏதும் இல்லை. சூடான திரவம் மேலேதானே போகும்? லாக்ஷீட்டில் தினமும் எழுதிய எண் அடியில் இருந்த குளிர்ந்த அடுக்கின் எண். எழுதியவர்கள் ஒழுங்காகத்தான் எழுதினார்கள். அந்த எண் டாங்கின் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

எனவே தம்பி சேர்ந்த முதல் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியது லைன் டிரேசிங். பி அண்ட் ஐ.டி. (பைப்புகளையும் கருவிகளையும் காட்டும்) வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பைப்பையும் டாங்கிலிருந்து ரியாக்டர் வரை, ரியாக்டரிலிருந்து கண்டன்சர், ரிசீவர், வென்ட், ஸ்க்ரப்பர் வரை நடந்தே பார்க்க வேண்டும். வரைபடத்தில் குறியீட்டின் முதல் எழுத்து எதை அளக்கிறது என்று சொல்லும்: டி என்றால் வெப்பம், பி அழுத்தம், எஃப் ஓட்டம், எல் மட்டம். பழைய பிளாண்டுகளில் வரைபடத்தில் இருக்கும் வால்வு இடத்தில் இருக்காது, இடத்தில் இருக்கும் பைபாஸ் வரைபடத்தில் இருக்காது. அந்த வித்தியாசங்களைச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டு வந்து கொடுத்தால் அதுவே பாதி பயிற்சி. கூடவே, ஒவ்வொரு கேஜும் எந்த அலகில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே பிளாண்டில் கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு), பார், பிஎஸ்ஐ மூன்றும் இருக்கும். 1 கிலோ என்பது 0.98 பார், 14.2 பிஎஸ்ஐ. வாக்வம் டிஸ்டிலேஷனில் கேஜ் '700' என்று காட்டினால், உள்ளே மிச்சம் இருப்பது 760-இல் 700 போக 60 மில்லிமீட்டர். பேட்ச் ஷீட்டில் '60 டோர்' என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்பது தெரியாமல் வாக்வம் போதவில்லை என்று பம்பைக் கழற்றியவர்கள் உண்டு.

பம்ப் ஓட்டுவதும் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். சென்ட்ரிஃபியூகல் பம்ப் என்றால் திரவம் உள்ளே வரும் சக்‌ஷன் வால்வு முழுதாகத் திறந்து, கேசிங்கில் உள்ள காற்றை வெளியேற்றி, வெளியே அனுப்பும் டிஸ்சார்ஜ் வால்வை மூடியோ லேசாகத் திறந்தோ வைத்து மோட்டாரை ஓட்டி, அழுத்தம் நிலையானதும் டிஸ்சார்ஜை மெதுவாகத் திறக்க வேண்டும், ஆம்பியர் மீட்டரையும் பார்த்துக்கொண்டே. உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரிச் சத்தம் வந்தால் சக்‌ஷனில் போதிய அழுத்தம் இல்லை. ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், திரவம் சூடாக இருக்கலாம். அப்படியே ஓட விட்டால் முதலில் போவது மெக்கானிக்கல் சீல். கியர் பம்ப், டயாஃப்ரம் டோசிங் பம்ப் போன்றவற்றில் இந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகக் கூடாது. டிஸ்சார்ஜ் மூடியிருக்கும்போது அவற்றை ஓட்டினால் ரிலீஃப் வால்வு திறக்க வேண்டும், இல்லையேல் பைப்பு வெடிக்கும்.

உயிர் போகும் விஷயங்களில் நைட்ரஜனைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு வாசனை இல்லை, கண் எரியாது, மூச்சுத் திணறாது. நைட்ரஜன் நிரம்பிய வெசலுக்குள் தலையை விட்டவர் இரண்டொரு மூச்சில் விழுந்துவிடுவார், அவரைத் தூக்கக் குதித்தவரும் விழுவார். உள்ளே இறங்கும் முன் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு மேல், தீப்பற்றும் ஆவி எல்.இ.எல்.லில் (காற்றில் தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். அளவு எடுக்கும்போது மேன்ஹோலில் மட்டும் மீட்டரைக் காட்டிவிட்டு பெர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) எழுதக் கூடாது. டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், அடியில் தேங்கும். மேல், நடு, அடி மூன்றிலும் குழாய் விட்டு அளக்க வேண்டும். நைட்ரஜன் லைனில் வால்வை மூடியிருக்கிறோம் என்பது போதாது, பிளைண்டு (பைப்பை அடைக்கும் தகடு) போட்டிருக்க வேண்டும் அல்லது பைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். மூடிய வால்வுகளும் பாஸ் ஆகும், அதாவது உள்ளே கசியும்.

லேபில் நல்ல பழக்கம் உள்ளவருக்கு ஒரு லாபம் இருக்கிறது: பதிவு. மருந்து மூலப்பொருள் செய்யும் கம்பெனிகளில் பேட்ச் ரெக்கார்டில் தவறாக எழுதியதைத் தெரியாதபடி அடித்து மேலேயே எழுதக் கூடாது, வெள்ளை மை போடவே கூடாது. ஒரே கோடு கிழித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, காரணம், கையெழுத்து, தேதி. அளவைப் பார்த்த நேரத்திலேயே எழுத வேண்டும். ஷிப்ட் முடிவில் உட்கார்ந்து எட்டு மணி நேர ரீடிங்கையும் ஒன்றாக நிரப்புகிற வழக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே லாக்ஷீட் எதையும் எச்சரிக்காது. ஹேண்டோவரும் அப்படித்தான்: 'எல்லாம் நார்மல்' என்று ஒரு வரி போதாது. எந்த இன்டர்லாக் (ஆபத்தில் தானாக நிறுத்தும் ஏற்பாடு) பைபாஸில் இருக்கிறது, எந்தப் பெர்மிட் திறந்திருக்கிறது, எந்த பேட்ச் எந்தப் படியில் நிற்கிறது, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வருகிறவர் போகிறவரோடு ரியாக்டர் வரை நடந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

பொறியியல் பட்டம் இருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவில் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறிய கம்பெனியின் ரியாக்டர் வெடித்து நால்வர் இறந்தார்கள். அது அவர்களுடைய 175-ஆவது பேட்ச். கம்பெனியை நடத்தியவர்களில் ஒருவர் வேதியியலாளர், ஒருவர் கெமிக்கல் இன்ஜினியர். கூலிங் தண்ணீருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது, மாற்று இல்லை. இடையில் பேட்ச் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டியிருந்தார்கள். ஏறத்தாழ 199 டிகிரிக்கு மேல் சோடியமும் சால்வென்டும் தங்களுக்குள் இரண்டாவதாக ஒரு வினை தொடங்கும் என்பது கணக்கில் வரவில்லை. அதன் பிறகு பாதுகாப்பு வாரியம் கல்லூரிப் பாடத்திட்டத்தைக் கை காட்டியது. கெமிக்கல் இன்ஜினியரிங் படிப்புகளில் வினை அபாயங்களைச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டது. அங்கே படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பும் தன் நிபந்தனைகளில் அதைச் சேர்த்தது. ஜெர்மனியில் 'கெமிகாண்ட்' என்ற ஆபரேட்டர் பயிற்சியே மூன்றரை வருடம், கம்பெனியும் தொழிற்பள்ளியும் மாறி மாறி. இங்கே அவ்வளவு காலம் கிடைக்காது என்றாலும் ஒன்று செய்ய முடியும்: புதியவர்களை முதலில் தண்ணீர் பேட்ச் ஓட்ட வைப்பது. சால்வென்டுக்குப் பதில் தண்ணீர், அதே வால்வு வரிசை, அதே பேட்ச் ஷீட், நடுவில் பயிற்சியாளர் சொல்லாமல் ஒரு கூலிங் வால்வை மூடுவார், ஒரு லெவல் சிக்னலை நிறுத்துவார். செலவு தண்ணீரும் ஒரு ஷிப்டும்தான்.

பின்னாளில் சம்பளம் ஏற உதவும் சான்றிதழ் என்று கேட்டால் பாய்லர் அட்டெண்டன்ட் தேர்வு. ஸ்டீம் இல்லாத கெமிக்கல் பிளாண்ட் அரிது, சான்றிதழ் இல்லாதவரைச் சட்டப்படி பாய்லரில் நிறுத்த முடியாது. ஒரு வார ஆன்லைன் டிசிஎஸ் (பிளாண்டைக் கணினித் திரையிலிருந்து இயக்கும் அமைப்பு) கோர்ஸ்களுக்குப் பெரிய தொகை கட்ட வேண்டாம். டிசிஎஸ் திரையை அந்தந்தக் கம்பெனியில்தான் கற்க முடியும்.

இன்டர்வியூவில் கடைசியில் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். எத்தனை நாளில் என்னிடம் ரியாக்டரைத் தனியாக ஒப்படைப்பீர்கள், அதற்கு முன் யார் என்னைச் சோதிப்பார்கள் என்று தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம், பிளாண்டில் வைத்து வாய்மொழித் தேர்வு என்று பதில் வந்தால் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சேரலாம். ஒரு வாரத்தில் நைட் ஷிப்டில் தனியாக விடுவோம் என்றால், எவ்வளவு கொடுத்தாலும் அந்த வேலை வேண்டாம்.